தடித்த கால் எந்தப் பக்கம்?

அத்தியாயம் 4

இடது கைப் பழக்கம் உள்ளவர் வலது கையால் தண்ணீர் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா? புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் பார்த்தேன். டம்ளர் உதட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாதித் தண்ணீர் போட்டிருந்த வேலைக் கோட்டில் கொட்டிவிட்டது. அந்த அம்மாளின் இடது கை மடியில், ஒரு துண்டுத் துணிக்கு அடியில் ஒளிந்திருந்தது. மூன்று நாளாகக் கடையில் எல்லாரும் அந்தக் கையையே பார்க்கிறார்களாம். அதனால் அதை வெளியே எடுப்பதையே விட்டுவிட்டாராம்.

எங்களை வரவழைத்தவர் அவர்தான். ‘மாயம்’ என்ற பெரிய உடைக் கடையில் பதினொரு வருடமாகத் தலைமைத் தையல்காரர். துப்பறிபவர் என் அண்ணி. அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டு என்னை வேலைக்கு வைத்துக்கொண்ட புண்ணியவதி. நான் உதவியாளன். பை தூக்குவேன், வண்டி ஓட்டுவேன், வாயை மூடு என்றால் மூடுவேன். மூன்றாவதில் மட்டும் நான் கொஞ்சம் சுமார்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை கண்காட்சியில் வைப்பதற்காக நான்கு மாதம் உட்கார்ந்து தைத்த வெள்ளை கவுனை, கடை மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமை யாரோ தோளிலிருந்து இடுப்புவரை கத்தரித்துப் போட்டுவிட்டார்கள். கத்தரிக்கும்போதே எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறது. கடையின் முன்கண்ணாடிக்கு வெளியே இருந்து எடுத்தது. உள்ளே சாம்பல் நிறக் கோட்டும் வேலைக் குல்லாவும் போட்ட ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கத்தரிக்கோல் இடது கையில். கடையில் இடது கைக்காரர் இந்த அம்மாள் ஒருவர்தான். கோட்டும் இவருடையதுதான், காலருக்குக் கீழே நட்ட நடுவில் ஒட்டுப் போட்டிருப்பது இவர் கோட்டில் மட்டும்தான்.

அன்று மாலை நான்கு மணிக்குள் ‘நான்தான் செய்தேன்’ என்று எழுதிய தாளில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் போலீஸ் இல்லை, வேலையும் இல்லை. போடாவிட்டால் போலீஸ். எப்படிப் போனாலும் இந்தத் தொழிலில் இனி யாரும் அவர் கையில் ஒரு ஊசியைக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

“நீங்கதான் வெட்டினீங்களா அக்கா?” அண்ணி சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“நாலு மாசம் தச்சிருக்கேம்மா. வெட்டணும்னா தைக்கறதுக்கு முன்னாடியே வெட்டியிருப்பேன், வேலையாவது மிச்சம்.”

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் தனியாகத் தூங்கியிருக்கிறார். தூங்கியதற்குச் சாட்சி கிடையாது. கோட்டு எப்போதும் தையலறை ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுத்து மாட்டலாம். கடைச் சாவி முதலாளியம்மாவிடம், இவரிடம், அப்புறம் முகப்பு அலங்காரத்தைக் கவனிக்கும் ஆலோசகரிடம் இருக்கிறது. போட்டோ எடுத்தவரும் அந்த ஆலோசகர்தான். வழியாகப் போனபோது தற்செயலாகப் பார்த்தாராம். ஞாயிற்றுக்கிழமை ஒரு காக்காய்கூடப் போகாத தெரு அது.

இந்த ஆலோசகரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவருக்கு நான் வைத்த பெயர் ‘ரசனை’. இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து விழும். கடைக்குப் பெயர் வைத்தது அவர், சுவருக்கு நிறம் சொன்னது அவர், முன்கண்ணாடியில் எழுத்து வைத்தது அவர். இதற்கெல்லாம் ஒரு ஆள் தனியாக வேண்டியிருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

முன்கூடத்துக்குப் போனோம். தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி. அதில் இங்கிலீஷில் ஐந்து எழுத்து: எம், ஏ, ஒய், ஏ, எம். மாயம். ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம். கன்னங்கரேல் என்று இருந்தது. ஒவ்வொரு எழுத்திலும் ஒரு கோடு தூண் கனம், பக்கத்துக் கோடு தலைமுடி கனம். நடுத்தரமாக ஒன்றுமே கிடையாது. கோடு முடிகிற இடத்தில் எல்லாம் அடியில் ஒரு சன்னமான பட்டை, செருப்பு மாட்டிவிட்ட மாதிரி.

இந்த எழுத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சென்ட் பாட்டிலில் இருக்கும். பட்டினி கிடக்கும் பெண்களைப் போடும் பத்திரிகைகளின் அட்டையில் இருக்கும். இன்னும் அஸ்திவாரமே தோண்டாத அடுக்குமாடியின் விளம்பரத்தில் இருக்கும். முடி வெட்டும் கடை தன்னை முடி வெட்டும் கடை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட ஆரம்பித்ததும் முதலில் மாறுவது இந்த எழுத்துக்குத்தான். ‘உனக்குக் கட்டுப்படியாகாது, தள்ளிப் போ’ என்பதை ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிடும்.

ரசனை எங்களுக்கு ஒரு சொற்பொழிவே நடத்தினார். இந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு ஒன்றரை மாதம் ஆனதாம். வெளியே நின்று படித்தாலும் மாயம், உள்ளே நின்று படித்தாலும் மாயம். இங்கிலீஷ் எழுத்தில் இந்த ஐந்தும் திருப்பிப் போட்டாலும் அதே எழுத்துதான் என்றார். உள்ளே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளருக்கும் பெயர் நேராகத் தெரியும், அதற்குப் பெயர்தான் ரசனை என்றார். நான் கொட்டாவியை அடக்கினேன். அண்ணி வெளியே போய்க் கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே வந்து பார்த்தார். மறுபடி வெளியே போனார்.

முதலாளியம்மா ஐம்பது வயதுக்காரர், மூன்று நாளாகத் தூங்காத முகம். அவர் கெட்டவர் இல்லை. பதினொரு வருடம் பக்கத்திலேயே இருந்தவரை நம்ப அவருக்கு ஆசைதான். ஆனால் போட்டோவை எங்களிடம் நீட்டியபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்று.

“கண்ணால பார்த்ததுக்கப்புறம் நான் என்ன பண்றதுங்க?”

படத்தில் ஐந்து எழுத்தும் தெரிந்தன. எழுத்துகளுக்கு நடுவே அந்த முதுகு. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாத முதுகு. படத்தின் அடியில் மட்டும் மங்கலாக ஒரு சாம்பல் பட்டை ஓடியது. இது என்ன அழுக்கா என்று கேட்டேன். ரசனை என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, அது படத்துக்கு ஆழம் கொடுக்கிறது என்றார். இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வெட்கப்படாமல் நிற்க ஒரு தனித் திறமை வேண்டும்.

அண்ணி அவரைத் தாண்டி முதலாளியம்மாவிடம், இந்த எழுத்தை ஒட்டியது யார் என்று கேட்டார்.

ஸ்டிக்கர் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஒரு ஆள் படுத்தால் கதவு மூடாது, அவ்வளவுதான் கடை. கறுப்புத் தாளின் மேல் ஒரு மெஷின் கத்தி தானாக ஓடி எழுத்து வெட்டிக்கொண்டிருந்தது. ஸ்டிக்கர்காரர் குனிந்து, வேண்டாத தாளைச் சாமணத்தால் உரித்து எடுத்துக்கொண்டிருந்தார். மாயம் என்றதுமே மூக்கைச் சுருக்கினார்.

அந்த எழுத்தால் அவர் படும் பாட்டைக் கொட்டித் தீர்த்தார். தடிக்கோட்டுக்கு ஒரு கவலையும் இல்லை, நூறு வருஷம் நிற்கும். முடிக்கோடு இருக்கிறதே, கண்ணாடி துடைக்கிற பெண் கொஞ்சம் அழுத்தித் துடைத்தால் துணியோடு வந்துவிடும். மாதம் ஒருமுறை போய் மறுபடி ஒட்டுகிறார். ஆனால் நியாயத்தையும் சொன்னார். எழுத்து அழகுதான், அதைத் திட்டக் கூடாது. ஆள் உயரத்துக்கு வைத்தால் ராஜா மாதிரி நிற்கும், அதற்காகவே செய்த எழுத்து. அதைப் போய் நகத்தளவுக்குச் சுருக்கினால் முடிக்கோடெல்லாம் காணாமல் போய்த் தடிக்கோடு மட்டும் தனித்தனியாக விழுந்து கிடக்கும்.

“அந்தப் பெரிய மனுஷன் அதைத்தான் பண்ணினாரு. கவுன் கழுத்துல தைக்கிற குட்டி லேபிள்ல இதே எழுத்த நெய்ய வச்சிட்டாரு. வந்து பார்த்தா மாயமும் இல்ல, மந்திரமும் இல்ல, வெறும் குச்சி. தையல்காரம்மா பெட்டியோட தூக்கி முதலாளியம்மா முன்னாடி வச்சு, இத நான் தைக்க மாட்டேன்னுட்டாங்க. போன சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, கண்ணாடிக்கும் சாதா எழுத்து வைக்கலாம், அளவு எடுங்கன்னு அம்மா சொன்னாங்க.”

“அப்ப அவரும் இருந்தாரா?” என்று அண்ணி கேட்டார்.

“ஏணிய அவருதான் புடிச்சாரு. மூஞ்சி செத்துப்போச்சு.”

அண்ணி போட்டோவை மேஜையில் வைத்தார். ஸ்டிக்கர்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். சாமணத்தைக் கீழே வைத்தார்.

“படம் திரும்பியிருக்கும்மா. ஏ-வுக்கு ரெண்டு காலு. இந்தச் சாதி எழுத்துல இடது காலு முடி, வலது காலு தூணு. அந்தக் காலத்துல வலது கையால பேனாவப் புடிச்சு எழுதினாங்கல்ல, அந்தக் கை விட்டுட்டுப் போன கனம் அது. இதுல பாருங்க, தடிக்காலு இடது பக்கம் நிக்குது.”

பார்த்தேன். நின்றது. எம்மும் ஒய்யும்கூடத் திரும்பித்தான் இருந்தன. சாதா எழுத்தாக இருந்திருந்தால் திருப்பினாலும் தெரிந்திருக்காது. இந்த எழுத்துக்கு வலது இடது உண்டு. அதைத் தேடிப்பிடித்து வைத்த மகானுக்கே அது தெரியவில்லை.

சென்ற வருடம் முதல்முறை ஒட்டும்போது ஸ்டிக்கர்காரரே அவசரத்தில் தாளைத் திருப்பி ஒட்டிவிட்டாராம். ரசனை எதிரில் நின்று, கண்ணை மூடி, அற்புதம் என்றாராம். இவருக்குத்தான் மனசு கேட்காமல் எல்லாவற்றையும் உரித்துச் சரியாக ஒட்டினார். ரசனை மறுபடி அற்புதம் என்றார். அதற்குப் பிறகு எழுத்துகள் இடம் மாறவே இல்லை. உரிந்த முடிக்கோட்டை ஒட்டுவதோடு சரி.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். படம் திரும்பியிருந்தால் கத்தரிக்கோல் இருந்தது வலது கையில். அந்த அம்மாள் தப்பித்தார். வண்டியை எடுக்கும்போதே வெற்றிச் சாப்பாடு எங்கே என்று கேட்டேன்.

“கடைல வலது கைக்காரங்க எத்தனை பேரு?” என்றார் அண்ணி.

“முதலாளியம்மாவையும் ரசனையையும் சேர்த்து எட்டு.”

“அந்த எட்டுல யாருன்னு சொல்லாம போனா, ஏதோ போன் கோளாறுன்னு படம் எடுத்தவன் சொல்லிடுவான். கோட்டு மட்டும் அந்தக்கா மேலயே நிக்கும். சாப்பாடாம் சாப்பாடு. உன் போனைக் குடு.”

கொடுத்தேன். என்னை ஒரு படம் எடுத்தார். பிறகு தன்னையே ஒரு படம் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஸ்டிக்கர் கடையின் போர்டு. இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அண்ணி தன்னைத்தானே படம் எடுத்து நான் பார்த்ததே இல்லை. அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

“வண்டிய ஓட்டு” என்றார்.

மூன்று நாற்பதுக்குக் கடைக்குள் நுழைந்தோம். வரவேற்பு மேஜையில் அந்தத் தாள் தயாராக இருந்தது, மேலே ஒரு பேனா. கடையின் பெயர் தாளின் உச்சியில் அதே எழுத்தில், முடிக்கோடு பாதி மறைந்து அச்சாகியிருந்தது. தையல்காரம்மா கூடத்தின் ஓரத்தில் நின்றார். மடியில் இருந்த துணி இப்போது இடது கையைச் சுற்றியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் காலை மிதித்தார்.

அப்புறம் அண்ணி செய்த காரியத்தை என்னால் நம்ப முடியவில்லை. ரசனையிடம் போய், இவ்வளவு அழகான எழுத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றும், அதற்கு முன்னால் எல்லாரும் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். குரலில் அவ்வளவு தேன். வேலை முடிந்துவிட்டதாக அந்த மனிதர் நினைத்துவிட்டார். வாயெல்லாம் பல்.

வாசலுக்குப் போனோம். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றோம். ரசனை தன் போனை எடுத்து, கையை நீட்டி, திரையில் தன் முடியைச் சரி செய்துகொண்டு எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் படத்தை எடுத்த போன்தானே இது என்று அண்ணி கேட்டார். ஆமாம், இது ஒன்றுதான் இருக்கிறது என்றார். அப்படியே முதலாளியம்மாவுக்கு அனுப்பச் சொன்னார் அண்ணி. அனுப்பினார்.

“மேடம், ஞாயித்துக்கிழமை படத்தையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. துணிக்கு மேல்பக்கம் எது, அடிப்பக்கம் எதுன்னு தொட்டே சொல்றவங்க நீங்க. அதே கண்ணால இந்த ஏ-வப் பாருங்க. அப்புறம் கண்ணாடில இருக்கற ஏ-வப் பாருங்க.”

முதலாளியம்மா பார்த்தார். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

“ரெண்டு படத்துலயும் தடிக்காலு இடது பக்கம் இருக்கு. கண்ணாடில வலது பக்கம் இருக்கு.”

போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்தால் சில போன்களில் படம் இப்படித்தான் திரும்பிப் பதிவாகும் என்றார் அண்ணி. அப்படியானால் கத்தரிக்கோல் இருந்தது வலது கையில். தையல்காரம்மா மெல்லத் தலையைத் தூக்கினார். ரசனை ஒரு நொடி தடுமாறி, பிறகு சிரித்தார். அவசரத்தில் தெரியாமல் முன்கேமராவை அழுத்தியிருப்பேன், அதனால் என்ன, ஆளைப் பார்த்தது பொய்யா என்றார்.

“சரி. அதே மாதிரி இப்ப ஒண்ணு எடுங்க” என்றார் அண்ணி. “என் கொழுந்தன் உள்ள போய் நிப்பான். இங்கிருந்து அவனை முன்கேமராவுல எடுங்க.”

நான் உள்ளே போய் நின்றேன். ரசனை போனைத் தூக்கினார். முன்கேமரா என்னைப் பார்க்க வேண்டுமானால் திரையும் என்னைத்தான் பார்க்க வேண்டும். அவருக்குத் தெரிந்தது போனின் முதுகு. எதை எடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. உள்ளே நின்ற எனக்குத்தான் அட்டகாசமாகத் தெரிந்தது. ஐந்து எழுத்தும் திரைக்குள் அடங்குகிறதா, என் முதுகு நடுவில் வருகிறதா, எல்லாம் நானே பார்த்துக்கொள்ளலாம். இப்படிப் படம் எடுப்பது உள்ளே இருப்பவனுக்குத்தான் வசதி. படம் எடுத்தவரும் உள்ளே நின்றவரும் ஒரே ஆள் என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது.

அண்ணி அவர் கையிலிருந்து போனை வாங்கி, கண்ணாடிக்கு எதிரே பூச்செடிக்காகக் கட்டியிருந்த முழங்கால் உயரக் குட்டிச் சுவரின் மேல் சாய்த்து வைத்தார். டைமர் வைத்திருந்தார், பத்து விநாடி கழித்து அதுவே படம் எடுத்தது. படத்தின் அடியில் மங்கலாக ஒரு சாம்பல் பட்டை வந்திருந்தது. சுவரின் விளிம்பு.

“இதுதான் அந்த ஆழமா?” என்று கேட்டேன். இந்தத் தடவை அண்ணி மிதிக்கவில்லை.

இடது கை ரசனையின் திட்டத்திலேயே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. கோட்டைப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டினால் போதும் என்றுதான் நினைத்திருக்கிறார். தன் வலது கையால் வெட்டினார். போன் அதை இடது கையாக்கிக் கொடுத்தது. திங்கட்கிழமை கடையே ‘இடது கை, இடது கை’ என்று கூவியபோது, தன் அதிர்ஷ்டத்தைப் பார்த்துத் தானே அசந்துபோயிருப்பார். எழுத்து மட்டும்தான் அவரைக் காட்டிக்கொடுக்க முடியும். அந்த எழுத்தை அவர் ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை.

மறுத்துப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் ரசனை சொன்னது இது.

“ஒரு தையல்காரி என் எழுத்தை அசிங்கம்னு சொல்லுவா, நீங்க அதைக் கேட்டு மாத்துவீங்க. அந்த கவுன் என் லேபிள் இல்லாம கண்காட்சிக்குப் போகும். நான் கைகட்டிப் பார்த்துட்டு நிக்கணுமா?”

முதலாளியம்மா கையை நீட்டினார். சாவியைக் கேட்கிறார் என்று புரிய ரசனைக்குக் கொஞ்ச நேரமானது. எடுத்துக் கொடுத்தார். போலீஸ் நிலையத்திலிருந்து அவர்களே ஆள் அனுப்புவார்கள், ஊரை விட்டுப் போக வேண்டாம் என்று அண்ணி நிதானமாகச் சொன்னார். அந்த மனிதர் போகும்போதும் கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்துச் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். அந்த அளவுக்கு நெஞ்சழுத்தம் உள்ளவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

நான்கு அடிக்க ஐந்து நிமிடம். முதலாளியம்மா மேஜையிலிருந்த தாளை எடுத்துக் கிழிக்கப் போனார். தையல்காரம்மா முன்னால் வந்து வாங்கிக்கொண்டார். முதலாளியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னித்துவிடச் சொன்னார். பதினொரு வருடம் பார்த்த ஆளை விட்டுவிட்டு ஒரு படத்தை நம்பிவிட்டேன் என்றார்.

“எனக்கு ரொம்ப வலிச்சுது மேடம். ஆனா இத இங்க சொல்லாதீங்க. நாளைக்குக் காலைல எல்லாரும் வந்தப்புறம் சொல்லுங்க. திங்கக்கிழமை என்னைச் சொன்னது எல்லார் முன்னாடியும்தான?”

முதலாளியம்மா தலையாட்டினார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன்.

தையல்காரம்மா தாளைத் திருப்பி, எழுதாத பக்கத்தை மேலே வைத்தார். கையைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து நாற்காலியில் போட்டார். இடது கையால் பேனாவை எடுத்து, தோளிலிருந்து இடுப்புவரை ஒரு கோடு இழுத்தார். அதன் மேல் சின்னச் சின்னதாக ஏழு மடிப்பு வரைந்தார். வெட்டு கோணலாக இருந்தாலும் மடிப்பு வைத்தால் வெளியே தெரியாது, இன்றைக்கே உட்கார்ந்தால் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடலாம் என்றார். குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது.

நான் ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இடது கையால் வாங்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் முழுவதையும் குடித்தார்.